அமைப்புகளை இணைப்பதற்கு முன் அரசுக்கென்று பொறியாளர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பப் பணிகள் பல அமைப்புகளிடம் சிதறிக் கிடக்கின்றன, அவற்றை ஒரே குடையின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற கருத்து அரசு ஊழியர்களிடையிலும் தொழில்நுட்பம் அறிந்தவர்களிடையிலும் அடிக்கடி எழுகிறது. வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இந்தச் சிதறலின் விளைவுகளை மக்கள் நிற்கும் வரிசைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சீரமைப்பு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிறுவனங்களை இணைப்பதோ, புதிய பெயரில் இன்னொரு முகமையைத் தொடங்குவதோ சீரமைப்பு ஆகாது. அரசின் கணினி அமைப்புகளை உள்ளும் புறமும் அறிந்த, அரசுக்கே பதில்சொல்லக் கடமைப்பட்ட நிரந்தரப் பொறியாளர் பணித்தொகுதி ஒன்று முதலில் வேண்டும். அது இல்லாமல் செய்யப்படும் எந்த இணைப்பும் பொறுப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவதில்தான் முடியும்.

இன்றைய அமைப்பு எப்படி உருவானது என்பதை முதலில் நினைவுகூர்வது நல்லது. எல்காட் என்று நாம் அழைக்கும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் 1977இல் மின்னணுத் தொழில்களை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. இன்று அதுவே அரசுத் துறைகளுக்குக் கணினி வாங்கித் தருகிறது, மாநிலத் தரவு மையத்தை நடத்துகிறது, மாவட்டங்களையும் வட்டங்களையும் தலைமைச் செயலகத்தோடு இணைக்கும் டான்ஸ்வான் வலையமைப்பை இயக்குகிறது, சோழிங்கநல்லூரிலிருந்து கங்கைகொண்டான் வரை தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களையும் அமைத்துப் பராமரிக்கிறது. 2006இல் ஒன்றிய அரசு தேசிய மின் ஆளுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்ததை ஒட்டிய காலத்தில் வந்தது தமிழ்நாடு மின் ஆளுமை முகமை. அது சங்கமாகப் பதிவுசெய்யப்பட்ட அமைப்பு. அரசு கேபிள் டிவி நிறுவனம் தொலைக்காட்சி இணைப்போடு இ-சேவை மையங்களையும் நடத்துகிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வடத்தைக் கொண்டுசெல்வதற்கென 2018இல் டான்பிநெட் நிறுவனம் உருவானது. பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் தமிழ்நிலம் மென்பொருளோ ஒன்றிய அரசின் தேசிய தகவலியல் மையம் உருவாக்கியது.

இவை போதாதென்று பெரிய துறை ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அமைப்பை வைத்திருக்கிறது. பதிவுத் துறைக்குப் பத்திரப் பதிவுக்கான ஸ்டார், கருவூலத்துக்கு ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம், பள்ளிக் கல்வித் துறைக்கு மாணவர் விவரங்களுக்கான எமிஸ், மக்கள் நல்வாழ்வுத் துறைக்குக் கர்ப்பிணிகளின் பதிவுக்கான பிக்மி, உணவுத் துறைக்கு மின்னணுக் குடும்ப அட்டைக்கான தரவுத்தளம். இவற்றில் எதுவும் வீண் முயற்சி அல்ல. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் ஏற்பட்ட உண்மையான தேவைக்காக வந்தது. பலவும் மக்களின் அலைச்சலைக் கண்கூடாகக் குறைத்திருக்கின்றன. வில்லங்கச் சான்றுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடந்த காலத்தை அறிந்தவர்கள், இன்று வீட்டிலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ள முடிவதைக் குறைத்து மதிப்பிட மாட்டார்கள். அதே நேரத்தில், ஏதேனும் ஓர் அமைப்பு நின்றுபோனால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இந்த அடுக்கில் தெளிவான விடை கிடைப்பதில்லை.

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்த பிறகான வாரங்களில் எந்த வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் சென்று பாருங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒரே குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று நான்கு சான்றுகள் தேவைப்படும். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவேற்றக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருக்கும். விண்ணப்பதாரர் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, குடும்ப அட்டையையும் ஆதாரையும் ஸ்கேன் செய்து பதிவேற்றுவார். அந்தக் குடும்ப அட்டையை வழங்கியதே இந்த அரசுதான். அதன் விவரம் அரசின் இன்னொரு தரவுத்தளத்தில் இருக்கத்தான் செய்கிறது. விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரின் பார்வைக்குப் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியரின் டிஜிட்டல் கையொப்பத்துக்காக நிற்கும். வட்டாட்சியர் அந்த வாரத்தில் மாறுதலாகிப் புதியவர் வந்திருந்தால், அவருடைய கையொப்பக் கருவி அமைப்பில் பதிவாகும்வரை விண்ணப்பங்கள் குவிந்துகொண்டே இருக்கும். கருவியைக் கணினியில் செருகினால் மென்பொருள் அதை அடையாளம் காணாது. பழைய உலாவியில் திறந்தால் சில நேரம் வேலைசெய்யும். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் இதற்காகவே ஒரு பழைய கணினியை யாரும் தொடாமல் தனியாக வைத்திருந்தார்கள்.

அப்படி நிற்கும் நேரத்தில் யாரிடம் சொல்வது என்பதுதான் பெரும்பாடு. இ-சேவை மையத்தில் கேட்டால் தாலுகாவில் நிலுவை என்பார்கள். தாலுகாவில் சர்வர் இல்லை என்பார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மின் மாவட்ட மேலாளர் ஒப்பந்த ஊழியர். புகாரை மேலே அனுப்புவதைத் தவிர அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. மாவட்டத் தகவலியல் அலுவலர் ஒன்றிய அரசின் ஊழியர்; வலையமைப்பு தம் பொறுப்பில் இல்லை என்று அவர் சொன்னால் அது உண்மைதான். வலையமைப்பு சரியாக இருக்கிறது, மென்பொருளில்தான் கோளாறு என்று அடுத்தவர் சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கக்கூடும். இவர்களில் யாரும் கடமை தவறியவர்கள் அல்லர். முழு அமைப்பையும் ஒருசேரப் பார்க்கும் அதிகாரமும் அறிவும் மாவட்ட அளவில் எவரிடத்திலும் இல்லை என்பதே குறை. அந்தக் குறைக்கான விலையை இணையதளம் மூடுவதற்குள் சான்று கிடைக்காத மாணவர் கொடுக்கிறார்.

இதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. எவற்றை ஒன்றாக்குவது, எவற்றைத் துறைகளிடமே விடுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வலையமைப்பு, தரவு மையம், இணையப் பாதுகாப்பு, தரவுகளுக்கான பொதுத் தரம் ஆகிய நான்கும் ஒரே அமைப்பின் முழுப் பொறுப்பில் இருக்க வேண்டியவை. டான்ஸ்வான் ஒரு நிறுவனத்திடமும் டான்பிநெட்டின் கண்ணாடி இழை இன்னொரு நிறுவனத்திடமும் இருப்பதற்கு இன்று தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. பாதுகாப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 செப்டம்பரில் தலைமைச் செயலகத்தில் ‘பொது’ என்ற பெயருள்ள துறையின் கணினிகள் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாகி, கோப்புகளை விடுவிக்கப் பணம் கேட்கப்பட்ட செய்தி நாளிதழ்களில் வந்தது. மாநிலத்துக்கு இணையப் பாதுகாப்புக் கொள்கை 2020லேயே வந்துவிட்டது. ஆயினும், எந்தத் துறையின் எந்தக் கணினியில் எந்தக் காலத்து இயங்குதளம் ஓடுகிறது என்பதை ஓரிடத்தில் இருந்து அறியும் ஏற்பாடு இல்லாவிட்டால் கொள்கை காகிதத்திலேயே இருக்கும்.

பொதுத் தரம் என்று சொன்னது பலருக்குச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். தமிழில் பெயர் எழுதும் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) அரசு ஏற்று ஆணை பிறப்பித்தது. இத்தனைக்குப் பிறகும் அலுவலகங்களில் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்புகள் ஏராளமாக உள்ளன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் இன்னொரு மென்பொருளுக்கு அவை பொருளற்ற ரோமன் எழுத்துக் கூட்டமே. இதோடு முன்னெழுத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, தந்தை பெயரைத் தனிக் கட்டத்தில் எழுதுவதா பெயரோடு சேர்ப்பதா என்ற குழப்பமும் சேர்கிறது. பட்டாவில் ஒரு விதமாகவும், பத்திரத்தில் ஒரு விதமாகவும், ஆதாரில் ஆங்கிலத்திலிருந்து கணினியே பெயர்த்த வேறொரு விதமாகவும் ஒரே மனிதரின் பெயர் இருக்கிறது. மாநிலக் குடும்பத் தரவுத்தளம் என்று எவ்வளவு பெரிய கட்டுமானத்தை எழுப்பினாலும், அதன் அடிமட்டத்தில் இந்தப் பெயர்களைத்தான் ஒன்றோடொன்று பொருத்தியாக வேண்டும். எந்தத் துறை எந்த வடிவத்தில் பெயரைப் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டு, அதைச் சரிபார்த்து, மீறினால் அந்த மென்பொருளை ஏற்க மறுக்கும் அதிகாரம் படைத்த ஓர் அலுவலகம் வேண்டும். அதுதான் உண்மையான ஒருங்கிணைப்பு.

சேவைகள் அப்படியல்ல. சான்று வழங்குவது வருவாய்த் துறையின் சட்டப்பூர்வக் கடமை. ஆவணத்தைப் பதிவது பதிவுத் துறையின் கடமை. அந்தச் சேவைகளுக்கான மென்பொருளின் விதிகளையும் நடைமுறைகளையும் நிர்ணயிக்கும் உரிமையை அந்தந்தத் துறையிடமிருந்து எடுத்து ஒரு மைய முகமையிடம் கொடுத்தால், துறைத் தலைவர் தம் துறையின் வேலைக்கே விருந்தாளி ஆகிவிடுவார். துறைகள் தனித்தனியாக இருந்துகொண்டே ஒத்துழைக்க முடியும் என்பதற்கு நம்மிடமே நல்ல சான்று உண்டு. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத நிலங்களில், கிரயம் பதிவானதும் பட்டா தானாகவே வாங்கியவர் பெயருக்கு மாறும் வசதி வந்திருக்கிறது. இதற்காகப் பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் இணைக்கப்படவில்லை. இரண்டு மென்பொருள்களும் எந்த வடிவத்தில் எந்த விவரத்தைப் பரிமாறிக்கொள்வது என்று தெளிவாக வகுக்கப்பட்டது, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் வட்டாட்சியர் அலுவலகங்களில் தேங்கிய பட்டா மாற்ற மனுக்களில் ஒரு பெரும்பகுதியை இந்த ஒரு மாற்றம் குறைத்திருக்கிறது.

தவறான தரவு எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் சேரும் இந்தத் திட்டத்தில், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பம், 5 ஏக்கருக்கு மேல் நன்செய் அல்லது 10 ஏக்கருக்கு மேல் புன்செய் வைத்திருக்கும் குடும்பம், நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பம் ஆகியவை தகுதி பெறாது என்று வகுக்கப்பட்டது. இவற்றைச் சரிபார்க்க மின்வாரியம், நில ஆவணம், போக்குவரத்துத் துறை ஆகியவற்றின் தரவுகள் தேவை. என்றோ விற்றுவிட்ட வாகனம் பெயர் மாற்றப்படாமல் கணவர் பெயரிலேயே நின்றால் மனைவியின் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். மேல்முறையீட்டைக் கோட்டாட்சியர் விசாரிக்கிறார். அவர் உண்மையைக் கண்டறிந்தாலும் மூலப்பதிவைத் திருத்தும் அதிகாரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே உரியது. தரவுகளை ஒரே கிடங்கில் கொட்டுவதால் இந்தச் சிக்கல் தீராது. பிழையைக் கண்டவர் அதை மூலத் துறைக்கு அனுப்பவும், மூலத் துறை குறித்த நாளுக்குள் திருத்தவும், திருத்தம் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரவும் வழிசெய்தால்தான் தீரும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தம்மைப் பற்றிய தரவைத் திருத்தக் கோரும் உரிமையைக் குடிமக்களுக்கு வகுத்திருக்கும் நிலையில், மாநில அரசு இந்த ஏற்பாட்டை இனியும் தள்ளிப்போட முடியாது.

ஒன்றாக்குவதில் அவசரப்பட்ட மாநிலங்களின் கதை உலகில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 2003இல் தன் துறைகளின் தகவல் தொழில்நுட்பப் பணிகளை எல்லாம் ஒரே முகமையிடம் சேர்த்தது. 2005இல் அவற்றின் உள்கட்டமைப்பை நடத்தும் பொறுப்பு ஏறத்தாழ 230 கோடி டாலர் மதிப்பில், நீண்டகால ஒப்பந்தத்தின் வழியாக ஒரே தனியார் நிறுவனத்திடம் போனது. 2010 ஆகஸ்டில் தரவு மையத்தில் ஒரு சேமிப்பக அமைப்பு பழுதானபோது 26 அரசு அமைப்புகளின் பணிகள் பாதிக்கப்பட்டன. ஓட்டுநர் உரிமம் வழங்குவது நாள்கணக்கில் நின்றுபோனது. அதன் பின்னும் அந்த நிறுவனத்தோடு அரசுக்குப் பூசல் தொடர்ந்து, வழக்குவரை சென்று, கடைசியில் பணிகளைப் பல நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்க நேர்ந்தது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான சேவை மையம் என்ற திட்டத்தின் ஒரு பகுதியாக, சுகாதாரத் துறை ஊழியர்களுக்கான புதிய ஊதிய மென்பொருள் 2010 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 78,000 ஊழியர்கள் அதை நம்பியிருந்தார்கள். செவிலியர்களுக்கும் மருத்துவமனைப் பணியாளர்களுக்கும் சிலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்குக் குறைத்தும் சிலருக்குக் கூட்டியும் வந்தது. அதைச் சரிசெய்து நடத்துவதற்கான மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் அளவுக்குப் போகும் என்று மதிப்பிடப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்டு செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013இல் அறிக்கை அளித்தது. தேவைகளை அரசு முழுமையாக வரையறுக்கவில்லை, சோதனையில் கண்ட குறைகளைத் தாண்டிச் செயல்படுத்தினார்கள், ஒப்பந்ததாரரைக் கண்காணிக்கும் திறன் அரசுத் தரப்பில் போதவில்லை என்பவை அந்தத் தோல்வியின் வேர்கள். ஒப்பந்ததாரர் மீது பின்னர் அரசு தொடுத்த வழக்கும் வெற்றிபெறவில்லை. முன்பே செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்றில் அரசே தன் உரிமையை விட்டுக்கொடுத்திருந்தது.

இரண்டு மாநிலங்களிலும் பணம் இல்லாமல் போகவில்லை, தொழில்நுட்பம் இல்லாமல் போகவில்லை. ஒப்பந்ததாரர் சொல்வது சரிதானா என்று அரசின் சார்பில் நின்று சொல்லக்கூடிய ஆட்கள் போதவில்லை. நம் மாநிலத்தில் இதைப் புரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை; பொதுப்பணித் துறையைப் பார்த்தாலே போதும். 1858இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய அந்தத் துறையில், கட்டுமானத்தை ஒப்பந்ததாரர் செய்தாலும் அதை அளப்பவர் அரசின் பொறியாளர். எவ்வளவு மண் எடுத்தார்கள், எவ்வளவு கான்கிரீட் போட்டார்கள் என்று அவர் நேரில் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுகிறார். மேலதிகாரி அதைத் திரும்ப அளந்து பார்க்கிறார். அதன் பிறகுதான் பில் பாஸாகிறது. விலைக்கு விகிதப் பட்டியல் இருக்கிறது. அதிலும் தவறுகள் நடப்பதுண்டு என்பது ஊரறிந்ததுதான், ஆனால் தவறு நடந்தால் கையெழுத்துப் போட்டவர் யார் என்று புத்தகம் சொல்லும். 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிக்கப்பட்டபோது பெயர்ப்பலகைகள் மாறின. அணையின் மதகைத் திறக்கத் தெரிந்த பொறியாளர்கள் அப்படியே இருந்தார்கள். அதனால்தான் அந்தப் பிரிவினை எந்தப் பாசனத்தையும் நிறுத்தவில்லை.

மென்பொருளுக்கு அளவுப் புத்தகம் எழுதுபவர் யார்? ஒப்பந்த நிறுவனம் ஒரு மாற்றத்துக்கு இத்தனை மனித மாதங்கள் (ஓர் ஆள் ஒரு மாதம் செய்யும் வேலை ஒரு மனித மாதம்) ஆகும் என்று பட்டியல் கொடுக்கிறது. படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூட்டுவதற்கு அவ்வளவு உழைப்பு தேவையா என்று கேட்க, அந்த நிரலைத் திறந்து படிக்கத் தெரிந்தவர் துறையில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கோப்பைக் கையாள்பவர் வேறு துறைக்கு மாறுதலாகக் காத்திருக்கும் அலுவலராகவோ, ஆலோசனை நிறுவனம் அனுப்பிய இளைஞராகவோ இருக்கிறார். சில துறைகளில் தேர்வாணையம் வழியாக நிரப்பப்பட்ட கணினிப் பொறியாளர் பணியிடங்கள் உண்டு. ஆனால் அவை ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் பதவி உயர்வுக்கு வழியில்லாமல், திறமையான இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே விலகிவிடும் நிலை இருக்கிறது. 400க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலம் இது. பன்னாட்டு வங்கிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் மென்பொருள் எழுதுபவர்கள் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். அதே மாநிலத்தின் அரசு தன் சொந்த மென்பொருளைப் படிக்க ஆள் இல்லாமல் நிற்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

ஆகவே, பொதுப்பணித் துறைப் பொறியாளர் பணி போல, தமிழ்நாடு தகவல் தொழில்நுட்பப் பொறியியல் பணி என்று தனி விதிகளோடு ஒரு பணித்தொகுதியை உருவாக்க வேண்டும் என்பதே என் முதன்மையான கோரிக்கை. தேர்வாணையம் வழியாக, பொதுஅறிவு வினாக்களை விட நிரல் எழுதும் திறனையும் தரவுத்தள அறிவையும் சோதிக்கும் தேர்வு நடத்த வேண்டும். உதவிப் பொறியாளரில் தொடங்கித் தலைமைப் பொறியாளர் வரை படிநிலை இருக்க வேண்டும். இவர்கள் மைய அமைப்பின் ஊழியர்களாக இருந்தாலும் துறைகளிலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் பணியாற்ற வேண்டும். ஒரு துறையின் முக்கிய அமைப்பைக் கவனிப்பவரைக் குறைந்தது சில ஆண்டுகள் அங்கேயே வைத்திருக்க வேண்டும். ஆட்சிப் பணி அதிகாரிகளைப் போல ஆறு மாதத்தில் மாற்றினால் எல்லாம் பாழ். தேசிய தகவலியல் மையத்தின் அனுபவமே இதற்குச் சான்று. அங்கே நிரந்தரப் பொறியாளர்கள் இருப்பதால்தான், எவ்வளவு குறை சொன்னாலும், நில ஆவண மென்பொருள் பல ஆட்சிகளையும் பல தொழில்நுட்ப மாற்றங்களையும் தாண்டி நிற்கிறது. அண்டை மாநிலமான கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகளுக்கான கே-ஸ்மார்ட் செயலியை, அரசே 1999 முதல் நடத்திவரும் இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் உருவாக்கி 2024 ஜனவரியில் நகராட்சிகளில் நடைமுறைப்படுத்தியது. எல்லாவற்றையும் அரசே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனியாரிடம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கலாம்; கொடுத்ததை அளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கொள்முதல் பற்றியும் ஒரு சொல். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊழலைத் தடுக்க வந்த நல்ல சட்டம். ஆனால் மேசை நாற்காலி வாங்குவதற்குப் பொருந்தும் குறைந்த விலைக் கோட்பாட்டை மென்பொருளுக்கும் அப்படியே பயன்படுத்தினால், குறைந்த விலையில் உள்ளே வந்து, பின்னர் மாற்றக் கோரிக்கைகளில் பணம் ஈட்டும் வழக்கம் வளரும். மென்பொருள் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் மூல நிரல் அரசின் உடைமை, அது அரசின் களஞ்சியத்தில் தொடக்க நாள் முதலே சேர வேண்டும், ஒப்பந்தம் முடியும்போது ஒப்படைப்புக்கு இத்தனை மாதம் என்ற நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். ஒப்படைப்பைப் பெற்றுக்கொள்ள ஆள் இருந்தால்தான் இந்த நிபந்தனைக்கும் பொருள் உண்டு.

எல்காட்டைப் பொறுத்தவரை, நிலமும் கட்டடமும் சார்ந்த பணியையும் துறைகளுக்கான கொள்முதலையும் தரவு மையத்தையும் ஒரே நிறுவனம் வைத்திருப்பது சரியல்ல. பூங்காக்களை எல்காட்டிடமே விட்டுவிட்டு, தரவு மையத்தையும் டான்ஸ்வானையும் டான்பிநெட்டோடு சேர்த்துப் புதிய அமைப்பிடம் கொடுக்கலாம். இ-சேவை மையங்கள் கேபிள் நிறுவனத்திடம் இருப்பதற்கான காரணம் வரலாற்றோடு முடிந்துவிட்டது.

இந்த மாற்றங்களின்போது ஏற்கெனவே பணியாற்றும் ஒப்பந்த ஊழியர்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன். தாலுகா அலுவலகங்களில் கணினி இயக்குபவர்கள், மின் மாவட்ட மேலாளர்கள், உதவி மையங்களில் தொலைபேசி எடுப்பவர்கள் ஆகியோர் குறைந்த ஊதியத்தில் இந்த அமைப்புகளின் நடைமுறைச் சிக்கல்களை எல்லாம் கற்றுவைத்திருக்கிறார்கள். எந்தப் படிவத்தில் எங்கே சிக்கும் என்பது பெரிய ஆலோசனை நிறுவனங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புதிய பணித்தொகுதிக்கான தேர்வில் அவர்களுக்கு வயது வரம்பில் தளர்வும் அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் கொடுப்பது நியாயம். அரசுக்கும் அதுவே ஆதாயம். மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டிய ஆசிரியர்கள் எமிஸில் விவரம் ஏற்றுவதற்கு நேரத்தைச் செலவிடுகிறார்கள் என்ற நெடுநாளைய புகாரையும் சீரமைப்புத் திட்டம் கருத்தில்கொள்ள வேண்டும். களத்தில் இருப்பவர்களிடம் கேட்காமல் தலைமைச் செயலகத்தில் வரையப்படும் எந்தப் படிவமும் கடைசியில் அவர்கள் தலையில்தான் விடிகிறது.

பணித்தொகுதி உருவாகக் காலம் பிடிக்கும். விதிகள் இயற்ற வேண்டும், நிதித் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை காத்திராமல், தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறையின் அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில் ஓர் இணைப்பைச் சேர்க்கலாம். மாநில அரசு நடத்தும் ஒவ்வொரு கணினி அமைப்புக்கும் உரிமையாளரான துறை எது, அதைப் பராமரிப்பவர் யார், ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, மூல நிரல் யாரிடம் உள்ளது, அமைப்பு நின்றுபோனால் பதில் சொல்ல வேண்டிய அலுவலரின் பதவி எது என்ற ஐந்து விவரங்களையும் அதில் அட்டவணையாக அச்சிட்டுச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டமோ பெரிய செலவோ தேவையில்லை. விவரம் கிடைக்காத அமைப்புகளுக்கு எதிரே அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டு அச்சிடட்டும். எங்கிருந்து வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை உறுப்பினர்களும் துறைச் செயலாளர்களும் அந்தக் கட்டங்களைக் கொண்டே முடிவுசெய்யலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அலுவலர்,
விழுப்புரம் மாவட்டம்.